குதிருக்குள் இல்லாதவர்

அத்தியாயம் ஒன்பது

தீர்ப்பு மன்றத்தின் பதிவாளர் அம்மாள் எங்கள் முன்னால் நகர்த்திய தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. இன்று மாலை நான்கு மணிக்குள் முன்பணம் வந்து சேராவிட்டால், வழக்கு வாபஸ் வாங்கப்பட்டதாகக் கருதப்படும்.

"கருதப்படும்னா என்ன மேடம்?" என்று கேட்டேன்.

"நாங்க அப்படி நினைச்சுக்குவோம்னு அர்த்தம்."

"நாங்க வேற மாதிரி நினைச்சா?"

"கீழ போய் நினைச்சுக்கலாம். அஞ்சாவது மாடி நாலு மணிக்கு மூடிடும்."

மணி ஒன்றே கால். நாங்கள் உட்கார்ந்திருந்த கண்ணாடி அறையின் கதவு அந்த அம்மாளின் கழுத்தில் தொங்கும் அட்டைக்கு மட்டும்தான் திறக்கும். உள்ளே வருவது நம் விருப்பம், வெளியே போவது அவர் விருப்பம். அந்தக் கட்டடத்துக்கு வந்த நாளிலிருந்து எனக்கு மூச்சு முட்டிக்கொண்டே இருந்தது.

என் முதலாளி துறைமுகம் தெரியும் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். இருபத்தேழு வருஷம் சுங்கத் துறையில் பெட்டி திறந்த மனிதர். அதை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் போட்ட பிறகும் எல்லோருக்கும் அவர் 'கஸ்டம்ஸ்'தான். சம்பளத் தேதி நெருங்கும்போது மட்டும் எனக்கு 'கஷ்டம்ஸ்'.

"எந்தக் கப்பல்?" என்று கேட்டார்.

"இடது கைப் பக்கம், தனியா நிக்குதே சார், அது," என்றாள் பட்டறை அக்கா.

எங்களுடைய கட்சிக்காரி அவள். கப்பல் எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறாள். இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். எல்லோருக்கும் அக்கா. ஆனால் கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான், அவன் அந்தக் கப்பலில் இருந்தான். பதினான்கு மாதத்துக்கு முன்னால் எஞ்சினைச் சரி செய்யப் போன தம்பி. பழுது பார்த்த கூலியைக் கப்பல் முதலாளி தர மறுத்தார். ஒப்பந்தப்படி இப்படித் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகக் கூடாது. மூன்று நடுவர்கள் உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல வேண்டும். அதுவரை கப்பல் நகரக் கூடாது என்று துறைமுகம் பிடித்து வைத்தது. மாலுமிகள் எல்லாரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப, யாரோ நீட்டிய தாளில் தம்பி கையெழுத்துப் போட்டான். 'காவல் பொறுப்பாளர்' என்று இருந்ததாம். படித்துப் பார்த்திருந்தால், 'கைதி' என்பதைக் கொஞ்சம் மரியாதையாக எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். நடுவர்கள் வேறு ஆளை நியமிக்கும்வரை அவன் இறங்கினால் ஜெயில்.

நடுவர்கள் உட்கார்ந்தால்தானே நியமிப்பார்கள்? அங்கேதான் வந்தது வினை.

கப்பல் முதலாளி எண்ணெய் வாங்கிய வியாபாரி ஒருத்தன், பெரிய நாடுகள் சேர்ந்து போட்ட தடைப்பட்டியலில் ஏறிவிட்டான். அவனோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது. அவனிடம் எண்ணெய் வாங்கியவன் கப்பல் முதலாளி, அவன்மேல் வழக்குப் போட்டவள் அக்கா. இந்த உறவுக்குக் கல்யாணப் பத்திரிகைகூட வைக்க மாட்டார்கள். ஆனால் அக்காவின் வக்கீல் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய காப்பீட்டுக் கம்பெனி முகம் சுளித்ததாம். ஒரு நடுவர் விலகினார். அவர் வங்கி இந்த வழக்கின் சம்பளத்தை வாங்காதாம். மொழிபெயர்ப்பாளருக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது. அதையெல்லாம் சமாளித்துப் புது நடுவர்களைப் பிடித்து, கடைசியில் நடுவர்கள் சம்பளத்துக்கு முன்பணம் மட்டும் கட்ட வேண்டும் என்ற இடத்துக்கு அக்கா வந்து சேர்ந்தாள். மூன்று தடவை அனுப்பினாள். மூன்று தடவையும் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பி வந்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டேன் என்கிற கதை.

"இன்னிக்கு வழக்கு செத்தா என்னாகும்?" என்றார் கஸ்டம்ஸ்.

"திரும்பப் போட முடியாதுன்னு சொல்றாங்க சார். கப்பலை யாரும் கேட்க மாட்டாங்க. என் தம்பியையும் யாரும் கேட்க மாட்டாங்க." அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "மழை நின்னா எனக்கு போன் பண்ணி, அக்கா உன் ஜன்னல் தெரியுதுன்னு சொல்வான். சும்மா சொல்றான். அங்கிருந்து என்ன தெரியும்?"

வங்கி அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. பதிவாளர் அம்மாள் அட்டையைத் தேய்த்து எங்களை விடுதலை செய்தார்.

* * *

வங்கியின் சோதனைப் பிரிவு அதிகாரி மேஜையில் ஒரு குண்டூசிகூடக் கோணலாக இல்லை.

"ஏன் திருப்பி அனுப்பினோம்னு சொல்ல எனக்கு அனுமதி இல்லை," என்றார்.

"எங்க பணம் சார் அது," என்றேன்.

"உங்க பணம்தான். காரணம் எங்களுது."

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டு கிடையாது. "எதிர்த்தரப்பு எவ்வளவு கொடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அவர் காது வரைக்கும் சிவந்துபோனார். கஸ்டம்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் அந்த மாதச் சம்பளத்திலும் ஏதோ குறைந்தது.

"அவங்களை மன்னிச்சிடுங்க," என்றார் அதிகாரியிடம். "காலைல டீ குடிக்கல." பிறகு அக்காவிடமிருந்து மூன்று ரசீதுகளையும் வாங்கி மேஜைமேல் வரிசையாக வைத்தார். "நீ படி."

படித்தேன். முதல் தடவை: போன திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு அனுப்பியது. செவ்வாய் மதியம் திரும்பியிருக்கிறது. இரண்டாவது: வியாழன் பதினொன்று பன்னிரண்டு, எட்டு விநாடி, திரும்பியது பதினொன்று பன்னிரண்டு, பன்னிரண்டு விநாடி. மூன்றாவது: நேற்று. அதுவும் நாலே விநாடி.

"நாலு விநாடில லஞ்சம் வாங்கினவனால கண்ணாடியைக்கூடப் போட்டுக்க முடியாது," என்றார் கஸ்டம்ஸ். "இதைத் திருப்பினது மனுஷன் இல்லை. மெஷின். சரியா சார்?"

"சொல்ல முடியாது," என்றார் அதிகாரி. ஆனால் எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது போல இருந்தது அவர் முகம்.

"அக்கா பேர்ல ஏதாவது தடை இருக்கா?"

"சொல்ல முடியாது."

"தீர்ப்பு மன்றத்தோட கணக்குல?"

"சொல்ல முடியாது."

இப்படியே போனால் நாலு மணிக்கு அவர் வீட்டுக்குப் போவார், நாங்கள் நடுத்தெருவில் நிற்போம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "காலைல மன்றத்துல நகல் எடுத்த கட்டணத்தை மட்டும் அனுப்பினீங்களே, அப்போ இந்தத் தடையெல்லாம் எங்க போச்சு? நாற்பது பக்கத்துக்கு அவ்வளவா? பகல் கொள்ளை," என்று பொரிந்து தள்ளினேன்.

கஸ்டம்ஸ் சட்டென்று திரும்பினார். "அந்த ரசீது எங்க?"

என் பையில், சீப்புக்கும் மை தீர்ந்த பேனாவுக்கும் நடுவில் கசங்கிக் கிடந்தது. அதையும் அந்த மூன்றின் பக்கத்தில் வைத்தார்.

"அக்கா கணக்குலருந்து போயிருக்கு. அதே மன்றத்தோட கணக்குக்குத்தான் போயிருக்கு. இன்னிக்குக் காலைல. சுகமா போய்ச் சேர்ந்திருக்கு." விரலால் தட்டினார். "அனுப்பினதும் அதே கணக்கு, வாங்கினதும் அதே கணக்கு. அப்போ பேர்லயும் தப்பில்ல, கணக்குலயும் தப்பில்ல. வித்தியாசம் ரெண்டுதான். ஒண்ணு தொகை. சார், தொகை பெருசா இருந்தா திருப்புவீங்களா?"

"பெரிய தொகைன்னா உட்கார வச்சு காபி கொடுப்போம்," என்றார் அதிகாரி. இதைச் சொல்ல அனுமதி இருந்தது போலிருக்கிறது.

"அப்போ மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு. 'எதற்காக'ன்னு ஒரு வரி இருக்கே, அது."

நகல் ரசீதில் அந்த இடத்தில் 'நகல்' என்று இருந்தது. மற்ற மூன்றிலும் ஒரு நீள வாக்கியம். 'இத்தொகைக்கும் தடைப்பட்டியலில் உள்ள' என்று ஆரம்பித்து, அந்த எண்ணெய் வியாபாரியின் முழுப்பெயர், அவன் தகப்பன் பெயர், கம்பெனிப் பெயர், 'ஆகியோருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று முடிந்தது.

கஸ்டம்ஸ் மெதுவாகச் சிரித்தார். "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லை."

அதிகாரி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது, கேட்காமலே பிள்ளை போய், அப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்னானே, அதையேதான் அக்காவின் ரசீது மூன்று தடவை சொல்லியிருக்கிறது. மெஷினுக்குப் பெயர்தான் தெரியும். 'இல்லை' என்பது அதற்குத் தெரியாது. பட்டியலில் உள்ள பெயரைப் பார்த்தது, கதவைச் சாத்தியது.

"அட கடவுளே, இவ்வளவுதானா," என்று அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அந்த வரியை எடுத்துட்டு அனுப்பினா போயிடுமா?"

"போயிடும்," என்றேன். மணி இரண்டு ஐம்பது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். கஸ்டம்ஸ் எழுந்திருக்கவில்லை.

அவர் எழுந்திருக்காவிட்டால் விஷயம் முடியவில்லை என்று அர்த்தம். வெறும் பெட்டி என்று எல்லோரும் சொன்ன பிறகும் அதைத் தட்டிப் பார்க்கிற ஜாதி.

"முதல் தடவை மட்டும் ஏன் ஒரு நாள் ஆச்சு?" என்றார்.

* * *

அதிகாரி எங்களுக்குப் பக்கத்து அறையைத் திறந்துவிட்டுக் கவுண்டருக்குப் போனார். அதற்கும் கண்ணாடிச் சுவர்தான். வெளியே ஆட்கள் வரிசையில் நிற்பது தெரிந்தது, சத்தம் மட்டும் கேட்கவில்லை.

ரசீதுகளை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் ரசீதில் வியாபாரியின் பெயரில் ஓர் எழுத்து தப்பு. மற்ற இரண்டிலும் சரியாக இருந்தது.

"தப்பா இருந்ததால மெஷின் குழம்பியிருக்கு," என்றார் கஸ்டம்ஸ். "மனுஷன்கிட்ட அனுப்பி, அவர் ஒரு நாள் யோசிச்சிருக்கார். திருத்தினதும் நாலு விநாடி. அக்கா, இந்த வரியை யார் எழுதிக் கொடுத்தது?"

"தம்பிதான். தடை கெடுபிடி அதிகம் அக்கா, இந்த வரியைப் போடு, இல்லாட்டி பேங்க்ல சந்தேகப்படுவாங்கன்னு அனுப்பினான். என்மேல அவ்வளவு அக்கறை அவனுக்கு."

"திருத்தினது?"

"அதுவும் அவன்தான். திரும்பி வந்த ரசீதைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பியிருந்தேன்." அக்கா போனைத் திறந்து காட்டினாள்.

தம்பியின் செய்திகளைப் படித்தால் தமிழாசிரியர்கள் படுத்துவிடுவார்கள். 'வாள்வு மாத்தனும்', 'எண்ணை தீந்து போச்சி', 'மலை விட்டுடுச்சு'. அந்த நீள வாக்கியம் மட்டும் அச்சடித்த மாதிரி சுத்தமாக இருந்தது. அதற்குக் கீழே, போன புதன்கிழமை: 'அக்கா அந்த ஆல் பேர்ல ஒரு எலுத்து தப்பா போட்டுட்டே. திருத்தி அனுப்பு. மரக்காதே.'

நான் இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை.

"வால்வுக்கு எந்த 'ல'ன்னு தெரியாதவன்," என்றார் கஸ்டம்ஸ் மெதுவாக. "சம்பந்தமே இல்லாத ஒருத்தனோட பேர்ல எழுத்துப் பிழை இருந்தா அவனுக்கு என்ன கவலை?"

அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"மெஷின் பிடிக்கணும்னுதான் திருத்தியிருக்கான். வாசகம் அவனோடது இல்லை, யாரோ கொடுத்திருக்காங்க. ஆனா அனுப்பினது தெரிஞ்சே அனுப்பினதுதான்."

"என் தம்பியா? அவன்தானே சார் அங்க மாட்டிக்கிட்டு இருக்கான். அவனே எப்படி..."

"கூப்பிடுங்க."

மூன்றாவது மணியில் எடுத்தான். பின்னால் ஏதோ ஜெனரேட்டர் இரைந்தது. "சொல்லுக்கா. சாப்பிட்டியா?"

அக்கா போனைக் கஸ்டம்ஸ் பக்கம் நீட்டினாள். அவர் அதை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்து, தான் யார் என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு நேராகக் கேட்டார்: "தம்பி, அந்த வரியை உங்களுக்குக் கொடுத்தது யாரு?"

"எந்த வரி சார்?" என்றான். கஸ்டம்ஸ் கேள்வியை மாற்றினார்.

"கப்பலுக்கு யாரெல்லாம் வந்து போறாங்க?"

"ஏஜென்ட் மட்டும்தான் சார். கப்பல் முதலாளியோட ஆள். வாரம் ஒரு தடவை தண்ணியும் காய்கறியும் கொண்டு வருவான்." அவனே தொடர்ந்தான். "அவன் ஒரு ரசீது காட்டினான். கப்பலுக்கு எண்ணெய் ஏத்தின ரசீது. அன்னிக்குக் கப்பல் எஞ்சினியர் இல்லை, நான் வாங்கி வச்சேன். என் கையெழுத்து. நம்ம பட்டறை முத்திரை. வேலைச்சீட்டுக்கு எப்பவும் பையில வச்சிருப்பேன்ல, குத்திட்டேன். யாரோட எண்ணெய்னு எனக்குத் தெரியாது சார். பட்டியல்ல ஏறின அந்த வியாபாரியோடதாம்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வழக்கு நடந்தா முதல்ல அந்த ரசீதுதான் வெளிய வருமாம். நம்ம பட்டறையும் பட்டியல்ல ஏறும்னான். அக்கா கணக்கு முடங்கும். இருபத்திரண்டு பேருக்கும் சம்பளம் கிடையாது. வழக்கே நடக்கலைன்னா ரசீது பெட்டியோட போயிடும்னான். அதான்."

"அதான்னா?" என்றாள் அக்கா.

"நான் இங்கயே இருந்துக்கறேன் அக்கா. எனக்கென்ன. பழகிடுச்சு."

எத்தனையோ கேஸில் பொய்யைக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு பொய்யைக் கேட்டதில்லை.

"பதினாலு மாசம்டா," என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. "ஒவ்வொரு ஆபீஸ் கதவா நான் போய்த் தட்டினேன். வக்கீல் காலைப் பிடிச்சேன். நகையை வித்தேன். நீ உள்ளருந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு, சாப்பிட்டியான்னு கேட்கறே."

அவன் அழுகிறான் என்று தெரிந்தது. ஜெனரேட்டர் சத்தத்திலும் அது தெரிந்தது.

மணி மூன்று இருபத்தெட்டு.

"சார், உண்மையைச் சொல்லுங்க," என்று அக்கா கஸ்டம்ஸ் பக்கம் திரும்பினாள். "பணத்தை அனுப்பினா பட்டறை பட்டியல்ல ஏறுமா?"

"ஏறலாம். ஏறாமலும் போகலாம். ஏறாதுன்னு சொன்னா அது பொய்." அவர் ரசீதுகளை ஒன்றாக அடுக்கினார். "ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்றேன். பெட்டியைத் தானே திறந்து, இதுல இது இருக்கு, தெரியாம வந்துடுச்சுன்னு காட்டறவனை நாங்க ஒரு மாதிரி நடத்துவோம். நாங்களா திறந்து எடுத்தா வேற மாதிரி. அந்த ஏஜென்ட் ரசீதை நீட்டறதுக்கு முன்னாடி நீங்க நீட்டணும். நடுவர்கள்கிட்டயும், தடைப்பட்டியல் போட்டவங்ககிட்டயும், இன்னிக்கே. வேற வழி எனக்குத் தெரியல."

"அக்கா, அனுப்பாதே," என்றது போன். "உன் காலைப் பிடிக்கறேன், அனுப்பாதே."

அக்கா போனைக் கையில் எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஏழு பேர். ஏழு பேரிடமும் கெஞ்ச வேண்டியிருந்தது. ஒரு பெரியவர் மட்டும் தன் காப்பீட்டுக் கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார். தாளை அக்காவே நிரப்பினாள். 'எதற்காக' என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. 'முன்பணம்' என்று எழுதினாள்.

மூன்று நாற்பத்தொன்பதுக்கு அதிகாரி பொத்தானை அழுத்தினார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. என் நகம் என் உள்ளங்கையிலேயே இறங்கியிருந்தது. ஐந்து. ஆறு. அதிகாரி திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"போயிடுச்சு," என்றார். அதைச் சொல்ல அனுமதி இருந்தது.

பதிவாளர் அம்மாள் எங்களை மறுபடி ஐந்தாவது மாடிக்கு ஏற்றியபோது நான்கு மணிக்கு மூன்று நிமிடம் பாக்கி. தன் திரையில் வரவைச் சரிபார்த்து முத்திரை குத்தினார். நடுவர்கள் ஒன்பது நாள் கழித்து முதல் தடவையாக உட்காருவார்கள், அவசர விண்ணப்பம் இருந்தால் இப்போதே எழுதிக் கொடுக்கலாம் என்றார். காவல் பொறுப்பாளரை மாற்றச் சொல்லி ஒன்று, எண்ணெய் ரசீதைப் பற்றி ஒன்று, அதன் நகல் தடைப்பட்டியல் போட்டவர்களுக்கும். இரண்டையும் கஸ்டம்ஸ் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். இரண்டாவதில் நிறுத்தினேன்.

"எண்ணெயை வாங்கினது யாருன்னு போடறது சார்? தம்பி பேரா?"

"கையெழுத்து அவனோடதுதானே," என்றார் அவர்.

"முத்திரை யாரோடது?" என்றாள் அக்கா.

"பட்டறையோடது."

"பட்டறை யாரோடது?"

நான் பேனாவை மறுபடி தாளில் வைத்தேன்.

"அப்போ என் பேரைப் போடுங்க. பட்டியல்ல யாராவது ஏறணும்னா அது நான்தான். அவன் வேலை செய்யப் போன பையன்."

நான் எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அப்போதுதான் போன் இன்னும் அவள் கையில் திறந்தே இருப்பதைக் கவனித்தேன். அந்தப் பக்கம் அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

"அக்கா, பட்டறை போயிட்டா?"

"போனா இன்னொண்ணு போடலாம். துணியெல்லாம் எடுத்து மூட்டை கட்டி வை."

"இன்னும் ஒன்பது நாள் இருக்கேக்கா."

"இருக்கட்டும். இப்பவே கட்டு. படகுக்காரனைக் காக்க வைக்காதே."